லைட் சுவிட்ச் பாக்ஸில் பிளக் பாயிண்ட் சேர்த்தபின் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு லைட் சுவிட்ச் மட்டும் இருக்கிறது. போனுக்குச் சார்ஜ் போட இடம் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அறை நீளத்துக்கும் இழுத்துப் போடுவதைவிட, அந்தச் சுவிட்ச் பாக்ஸிலேயே ஒரு பிளக் பாயிண்ட் வைத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நான் வயரிங் வேலைக்குப் போகும் வீடுகளில், இப்படிச் சேர்த்த பிளக்கால் வந்த சிக்கலைச் சரிசெய்யத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள்.

காரணம் ஒன்றுதான். லைட் சுவிட்சுக்கு இரண்டு வயர் போதும்: உள்ளே வரும் ஃபேஸ், லைட்டுக்குப் போகும் ரிட்டர்ன். பிளக்குக்கு மூன்று வயர் வேண்டும்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். சுவிட்ச் பாக்ஸைத் திறந்ததும் இரண்டு வயர் தெரிகிறது. ஒன்று ஃபேஸ் என்றால் மற்றது நியூட்ரலாகத்தானே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது நியூட்ரல் இல்லை. நியூட்ரல் மேலே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து நேராக லைட்டுக்குப் போயிருக்கும். சுவிட்ச் பாக்ஸ் பக்கமே அது வந்திருக்காது. சில வீடுகளில் போர்டுக்குப் போர்டு நியூட்ரலையும் லூப் செய்திருப்பார்கள், அதாவது ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு வயர் தொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. எது உங்கள் வீடு என்பது தட்டைக் கழற்றிப் பார்க்கும்வரை தெரியாது.

வேலையில் கை வைக்கும் முன் சில விஷயங்கள். மின் பாதுகாப்பு விதிகளின்படி, பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை இருந்தபடியே மாற்றுவதைத் தவிர, புதிதாகப் பாயிண்ட் சேர்க்கும் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றிதழும் உண்டு. ஆகவே கீழே உள்ளதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், வயர்மேனிடம் தெளிவாகச் சொல்லுங்கள், அவர் செய்வது சரியா என்று பாருங்கள்.

தட்டைக் கழற்றுவதாக இருந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை (ஷார்ட், ஓவர்லோடு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) மட்டும் இறக்கினால் போதாது. நம் வீடுகளில் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் தொடர்ந்தபடியே இருக்கும். மெயினை இறக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் போலிருக்கிறது எனக்கு. மெயினை இறக்கிய அடுத்த நொடி இன்வெர்ட்டர் லைட் லைனுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். நீங்கள் கை வைக்கப்போவதும் லைட் லைனில்தான். மெயின் ஆஃப் என்ற நம்பிக்கையில் கை வைத்து அடி வாங்கியவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள்.

லைட்டைப் போட்டால்தான் பிளக்கில் கரண்ட் வருகிறது

இருப்பதிலேயே எளிதான கோளாறு இது. நியூட்ரல் சரியாகக் கிடைத்திருக்கிறது. ஃபேஸை மட்டும் சுவிட்சின் தவறான முனையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சுவிட்சுக்குள் வரும் முனையிலிருந்து எடுக்காமல், லைட்டுக்குப் போகும் முனையிலிருந்து லூப் அடித்துவிட்டார்கள்.

லைட் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு அதன் இரண்டு முனைகளிலும் டெஸ்டர் வையுங்கள். எதில் எரிகிறதோ அது உள்ளே வரும் ஃபேஸ். மெயினை இறக்கிவிட்டு லூப் வயரை அந்த முனைக்கு மாற்றினால் முடிந்தது. பிளக்குக்கென்று தனி சுவிட்ச் இருந்தால், லூப் அந்த சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து சாக்கெட்டுக்குப் போக வேண்டும்.

ஃபேன் ரெகுலேட்டர் உள்ள போர்டிலும் இதே தவறு நடக்கும். ரெகுலேட்டருக்குப் பின்னாலிருந்து எடுத்த ஃபேஸில் சார்ஜரைப் போட்டால் ஃபேன் வேகத்தை மாற்றும்போதெல்லாம் சார்ஜர் தடுமாறும்.

லைட் அணைந்திருந்தால் சார்ஜ் ஏறுகிறது, லைட்டைப் போட்டால் நின்றுவிடுகிறது

இந்த அறிகுறியைக் கேட்டதுமே பெட்டியில் வயரையும், பைப்புக்குள் வயர் இழுக்கும் ஸ்பிரிங்கையும் எடுத்து வைத்துக்கொள்வேன்.

ஒரு வீட்டில் வாசல் லைட் சுவிட்சுக்குக் கீழே பிளக் வைத்திருந்தார்கள். "தம்பி, ராத்திரி வாசல் லைட்டைப் போட்டா போன் சார்ஜ் நின்னுடுது. அணைச்சா ஏறுது. நேத்து அயர்ன் பாக்ஸ் சொருகினேன், சுவிட்சே போடாம லைட் எரியுது, பெட்டி மட்டும் சூடாகவே இல்ல" என்றார் அந்த அம்மா. வாசலில் பழைய 60 வாட் குண்டு பல்பு. தட்டைக் கழற்றினேன். சுவிட்சின் ஒரு முனையிலிருந்து சாக்கெட்டின் ஃபேஸுக்கு ஒரு வயர், மறு முனையிலிருந்து சாக்கெட்டின் நியூட்ரலுக்கு ஒரு வயர். அவ்வளவுதான். எர்த் முனை காலி.

அதாவது சாக்கெட் சுவிட்சுக்கு இணையாகவும் பல்புக்குத் தொடராகவும் உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டால் அது சாக்கெட்டின் இரு முனைகளையும் ஒன்றாக்கிவிடும். அங்கே வோல்டேஜ் பூஜ்யம், சார்ஜ் நிற்கும். சுவிட்சை அணைத்தால் கரண்ட் சார்ஜர் வழியாகப் போய் பல்பைக் கடந்துதான் நியூட்ரலைத் தொடும். போன் சார்ஜர் இழுப்பது கொஞ்சம் கரண்ட், பல்பு இழை அதற்கு ஒரு வயர் மாதிரிதான். ஆகவே பல்பு எரியாமலே சார்ஜ் ஏறும்.

அயர்ன் பாக்ஸில் நடப்பது இதற்கு நேர் எதிர். 1000 வாட் அயர்னின் தடை சுமார் 53 ஓம். எரியும் 60 வாட் பல்பின் தடை சுமார் 880 ஓம். தொடராக இருக்கும்போது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 217 வோல்ட்டைப் பல்பு எடுத்துக்கொள்ளும், அயர்னுக்கு மிஞ்சுவது 13 வோல்ட். பல்பு பளிச்சென்று எரியும், அயர்ன் சில்லென்று கிடக்கும். அந்த அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் இதுதான்.

இப்போதெல்லாம் எல்.இ.டி. பல்பு என்பதால் அறிகுறி கொஞ்சம் மாறும். சார்ஜர் விட்டுவிட்டுத் துடிக்கும், லைட் மினுக் மினுக்கென்று கண்சிமிட்டும், இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யாது. பல்பு கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டிப் பார்த்து ஏமாறுவார்கள்.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பாக்ஸுக்கு நியூட்ரலும் எர்த்தும் வந்தாக வேண்டும். அந்தச் சுவரின் பைப் மேலே எந்த ஜங்ஷன் பாக்ஸுக்குப் போகிறது என்று பார்த்து, அங்கிருந்து ஸ்பிரிங் விட்டு இரண்டு வயரையும் இழுப்பதுதான் முறை. லைட் பாயிண்டில் நியூட்ரல் கண்டிப்பாக இருக்கும், பைப் நேராக வந்தால் அங்கிருந்தும் கொண்டுவரலாம். எந்த சர்க்யூட்டின் ஃபேஸோ அதே சர்க்யூட்டின் நியூட்ரலாக இருக்க வேண்டும். பைப்பில் ஏற்கெனவே வயர் நெருக்கமாக இருந்து ஸ்பிரிங் நகரவில்லை என்றால் பலம் கொடுத்து இழுக்காதீர்கள். பழைய வயரின் தோல் உரிந்து, தெரியாத இடத்தில் புதிய கோளாறு முளைக்கும். பக்கத்தில் எங்கே முழுமையான பிளக் போர்டு இருக்கிறதோ அங்கிருந்து சுவர்மேல் கேசிங் கேப்பிங் (வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) அடித்து மூன்று வயரையும் கொண்டு வாருங்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் அது சரியான வேலை.

எர்த் வயரை நியூட்ரலாகப் போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அது எரியும், ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். பிறகு ஒருநாள் எர்த் குழியில் கம்பி அரித்து அறுந்தால், அந்தப் பிளக்கில் சொருகிய பொருள் வழியாக ஃபேஸ் எர்த் வயருக்கு ஏறும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று எர்த்தில் இணைந்த எல்லா உலோக உடம்பிலும் கரண்ட் நிற்கும். அந்த வீட்டில் ஒரு குழந்தை ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் திறக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதைச் சொருகினாலும் ஓடவில்லை

ஃபேஸ் வந்திருக்கிறது, நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. டெஸ்டர் ஃபேஸ் இருப்பதை மட்டும்தான் சொல்லும், சுற்று முழுமையடைந்ததா என்று சொல்லாது.

இன்னும் குழப்புவது, இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிவது. "ரெண்டு பக்கமும் ஃபேஸ் வருது சார்" என்பார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: நியூட்ரல் மேலே ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. அதே லைனில் எரியும்படி விட்ட லைட்டோ சொருகி வைத்த பொருளோ இருந்தால், ஃபேஸ் அதன் வழியாக நடந்து வந்து அறுந்த நியூட்ரல் பக்கம் நிற்கும். அந்த லைனில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீண்டும் டெஸ்டர் வையுங்கள். ஒரு துளையில் ஒளி போய்விட்டால் நியூட்ரல் அறுந்ததுதான் காரணம்.

டெஸ்டரைவிட நம்பகமானது டெஸ்ட் லேம்ப். ஒரு ஹோல்டர், 40 வாட் குண்டு பல்பு, இரண்டு வயர். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் எங்கும் இணைக்காத வயரில்கூட அது 60, 80 வோல்ட் என்று பொய்யாகக் காட்டும். பக்கத்து வயரிலிருந்து ஏறும் வெறும் நிழல் அது, டெஸ்ட் லேம்பை வைத்தால் எரியாது.

கறுப்பு வயரை நியூட்ரல் என்று நிறத்தை வைத்து முடிவு செய்வதையும் விட்டுவிடுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்பது முறை. வேலை நடந்த அன்று கையில் மிச்சமிருந்த சுருள் கறுப்பாக இருந்தால் ரிட்டர்னும் கறுப்பாகத்தான் போயிருக்கும்.

ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். வீட்டு உபயோகத்துக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லை என்றால் அது விழும். ஆகவே அது எப்போது விழுகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் பிடிபடும்.

பிளக்கில் ஏதாவது போட்டு ஆன் செய்ததும் விழுந்தால், நியூட்ரல் முனையில் எர்த் வயர் இருக்கிறது, அல்லது அந்த ஆர்.சி.சி.பி.யைச் சேராத வேறு லைனின் நியூட்ரலை எடுத்திருக்கிறார்கள். 10 வாட் சார்ஜர்கூட 40 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், இந்த இணைப்பில் அதுவே போதும் ட்ரிப் ஆக.

பிளக்கில் எதுவும் இல்லை, அந்த அறையின் எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டீர்கள், அப்படியும் விழுகிறதா? பாக்ஸுக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிக்காது என்று மேலே சொன்னது இங்கே உதவும். வேறு அறையில் ஓடும் ஃபேனின் கரண்டில் ஒரு பங்கு இந்தத் தொடுதல் வழியாக எர்த்துக்குப் போகிறது. சாக்கெட்டுக்குப் பின்னால் தோல் அதிகமாக உரித்த வயர் முனைதான் வழக்கமான குற்றவாளி.

மழை நாளில் மட்டும் விழுந்தால் சுவர் ஈரம். வெளிச்சுவரில் உள்ள பாக்ஸைத் திறந்து துரு, நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

எரிச்சலில் ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்யச் சொல்லாதீர்கள். அது விழும் ஒவ்வொரு முறையும் ஒரு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எம்.சி.பி. விழுகிறது

தட்டை முடுக்கியதும் விழுந்தால் வயர் நசுங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது. பெரும்பாலான மாடுலர் வகைகளில் 6 ஆம்பியர் சாக்கெட் இரண்டு மாடுல் இடம் எடுக்கும், சுவிட்ச் ஒவ்வொன்றும் ஒரு மாடுல். லைட் சுவிட்ச், பிளக் சுவிட்ச், சாக்கெட் மூன்றும் சேர்ந்தால் நான்கு மாடுல். இரண்டு மாடுல் பாக்ஸ் இருந்த இடத்தில் சுவரைக் கொஞ்சம் உடைத்துப் பெரிய பாக்ஸ் வைத்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்க வயர்களை மடித்துத் திணித்தால் இப்படித்தான் ஆகும்.

சிறிது நேரம் கழித்து விழுந்தால் அது ஓவர்லோடு. லைட் லைனில் 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும்தான் இருக்கும். லைட், ஃபேன் சர்க்யூட் ஒன்றில் 800 வாட், 10 பாயிண்ட் என்பதுதான் இங்கே காலங்காலமாக உள்ள கணக்கு. போன், லேப்டாப், டேபிள் ஃபேன், கொசு மருந்து மெஷின் தாராளமாகப் போடலாம். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும், அது 6 ஆம்பியர் சாக்கெட்டையே தாண்டிவிட்டது. ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு, ஏ.சி. எதுவும் இந்தப் பிளக்கில் கூடாது. பெரிய எம்.சி.பி. போட்டால் விழாது என்பார்கள். ஆமாம், விழாது, அதற்குப் பதில் சுவருக்குள் வயர் சூடாகும்.

மாடிப்படி சுவிட்சில் வைத்த பிளக் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை

மாடிப்படி லைட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று டூ-வே சுவிட்ச் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று முனை: நடுவில் காமன், இரு பக்கமும் இரண்டு சுவிட்சுகளையும் இணைக்கும் வயர்கள். பக்கத்து முனையிலிருந்து ஃபேஸ் எடுத்திருந்தால், அடுத்த மாடியில் யாராவது சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் உங்கள் பிளக் சாகும், பிழைக்கும்.

நிரந்தர ஃபேஸ் இரண்டில் ஒரே ஒரு சுவிட்சின் காமனில்தான் வரும். மற்றதன் காமன் லைட்டுக்குப் போகிறது. இரண்டு சுவிட்சையும் எல்லா நிலைகளிலும் மாற்றிப் போட்டு, எந்தக் காமனில் டெஸ்டர் அணையாமல் எரிகிறதோ அந்தப் பாக்ஸில்தான் பிளக் வைக்க முடியும். உங்களுக்கு வேண்டியது மற்ற பாக்ஸ் என்றால் ஃபேஸையும் சேர்த்து மூன்று வயரும் புதிதாக வர வேண்டும். நான் பெரும்பாலும் மாடிப்படியில் வேண்டாம், அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சொருகியதும் சார்ஜர் வெடித்தது, புகைந்தது

உடனே மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். த்ரீ ஃபேஸ் உள்ள வீட்டில் இரண்டு வெவ்வேறு ஃபேஸ் ஒரே சாக்கெட்டுக்கு வந்திருக்கலாம். அப்படி வந்தால் 230 அல்ல, ஏறக்குறைய 400 வோல்ட். மெயின் நியூட்ரல் கழன்றாலும் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். அப்போது மற்ற அறைகளில் சில லைட் மங்கியும் சில லைட் பிரகாசமாகவும் எரிந்திருக்கும். இரண்டுமே நீங்களாகக் கை வைக்கக்கூடாத கோளாறுகள்.

பிளக் சூடாகிறது, கருகிய வாடை வருகிறது

ஸ்க்ரூ தளர்வு. பத்தில் எட்டு முறையாவது இதுதான் என்பது என் அனுபவம். இழை வயரின் முனையை முறுக்கி, ஒருமுறை மடித்து, முனைக்குள் முழுதாக நுழைத்து இறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் அது இணைப்பு இல்லை. ஒரே முனையில் மூன்று வயரைத் திணித்து லூப் அடித்திருந்தால் அங்கேதான் முதலில் கருகும். பிளாஸ்டிக் பழுத்து நிறம் மாறிய சாக்கெட்டை இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். கருகிய வயர் முனையையும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி எறியுங்கள்.

லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்கிறது

எர்த் இல்லை. பாக்ஸில் பச்சை வயர் இருந்தும் மறு முனை எங்கும் சேராமல் பைப்புக்குள் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். வேறொரு சரியான பிளக்கில் போட்டுத் தொட்டுப் பாருங்கள். அங்கே சுர்ரென்பது இல்லை என்றால் பழுது லேப்டாப்பில் இல்லை.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கத்துகிறது

லைட் லைன் இன்வெர்ட்டரில் இருப்பதால் புதுப் பிளக்கும் இன்வெர்ட்டரில் வந்துவிட்டது. யாரோ அதில் அயர்ன் போட்டிருக்கிறார்கள். கோளாறு இல்லை, போனுக்கும் வைஃபைக்கும் இது வசதியும்கூட. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தால் போதும்.

எல்லாம் முடிந்தபின் பார்க்க வேண்டிய அளவுகள்

சாக்கெட்டை எதிரே நின்று பார்க்கும்போது மேலே உள்ள பெரிய துளை எர்த், கீழே வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட். லைட் சுவிட்சைப் போட்டும் அணைத்தும், இரண்டு நிலையிலும் இந்த மூன்றும் மாறக்கூடாது.

ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். பிறகு டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். 40 வாட் பல்புக்கு 174 மில்லி ஆம்பியர் ஆகும் என்பதால், பல்பு பளிச்சென்று மின்னும் முன்பே ஆர்.சி.சி.பி. விழ வேண்டும். பல்பும் எரியவில்லை, அதுவும் விழவில்லை என்றால் எர்த் இல்லை. இந்தச் சோதனையின்போது வீட்டில் யாரும் ஃபிரிட்ஜையோ கிரைண்டரையோ தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் மல்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தட்டை மூடும் முன், எந்த எம்.சி.பி., இன்வெர்ட்டர் லைனா இல்லையா, நியூட்ரல் எங்கிருந்து வந்தது என்று மார்க்கர் பேனாவால் தட்டின் உள்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள்.